ராவின் கண் டாலர்: வில்லனின் அடையாளத்தைக் கழுத்தில் போடலாமா?

தெற்குவாசல்

ரொம்ப நாளாக மனதில் இருந்த ஆசை. ஸ்டார்கேட் என்ற ஹாலிவுட் அறிவியல் புனைகதைப் படத்தில் அதன் நாயகன், எகிப்து ஆய்வாளன் டேனியல் ஜாக்சன் கழுத்தில் தொங்குமே, ராவின் கண் பொறித்த வட்ட டாலர், அதே மாதிரி ஒன்றை வெள்ளியில் செய்து போட்டுக்கொள்ள வேண்டும். இணையத்தில் விற்பதெல்லாம் முலாம் பூசியது, இரண்டு மாதத்தில் கறுத்துவிடுகிறது. அதனால் படத்தைக் காகிதத்தில் அச்செடுத்துக்கொண்டு சனிக்கிழமை தெற்கு ஆவணி மூல வீதியில் எங்கள் குடும்பத்துக்குப் பழக்கமான ஆசாரியிடம் போனேன்.

அவர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "கண்மலரா தம்பி? வீட்டில் யாருக்குக் கண்ணில் கோளாறு?" என்று கேட்டார். அம்மனுக்கு வேண்டிக்கொண்டு சாத்துகிற கண்மலர் என்று நினைத்துவிட்டார். "ஒரு கண்தானே இருக்கிறது, சோடியாக அல்லவா சாத்துவார்கள்" என்றும் சொன்னார்.

நான் கதையைச் சொன்னேன். ரா என்பவன் கடவுள் வேஷம் போட்ட வேற்றுக்கிரகத்துக்காரன், மனிதர்களைச் சுரங்கத்தில் அடிமையாக வைத்திருந்தவன், இது அவனுடைய சின்னம் என்றேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: "அப்படிப்பட்டவன் முத்திரையை நீங்கள் எதற்குப் போடுகிறீர்கள்?"

பதில் வரவில்லை. 20 வருடமாக இந்தப் படத்தையும் அதன் தொடர்ச்சியாக வந்த ஸ்டார்கேட் எஸ்ஜி-1 என்ற தொலைக்காட்சித் தொடரையும் நேசிக்கிறேன், இந்தக் கேள்வி எனக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை. ஆர்டர் கொடுக்காமலே திரும்பிவிட்டேன். படத்தையும் தொடரையும் பார்த்தவர்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

வைகைக்கரை

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். அந்த டாலரில் இருக்கும் வடிவம், புருவக்கோடும் கீழே வளைந்து சுருளும் வாலும் உள்ள கண், நிஜ எகிப்தில் வெஜாத் என்று சொல்லப்பட்டது. பெரும்பாலும் ஹோரஸ் என்ற தெய்வத்தின் கண். சேத் என்ற இன்னொரு தெய்வத்தோடு நடந்த சண்டையில் ஹோரஸ் கண்ணை இழக்க, தோத் என்ற தெய்வம் அதைச் சரிசெய்து கொடுத்ததாகக் கதை. அதனால் அது குணமாவதற்கும் காப்புக்கும் உரிய சின்னம். நீலப்பச்சை மெருகிட்ட சின்னச் சின்னத் தாயத்துகளாக உயிரோடு இருப்பவர்களும் கட்டிக்கொண்டார்கள், பிணத்தோடும் வைத்தார்கள். உடலைப் பதப்படுத்தும்போது வயிற்றில் போடுகிற வெட்டை மூட இந்தக் கண் பொறித்த தகட்டை வைக்கிற வழக்கம்கூட இருந்தது.

ராவின் கண் என்பது வேறு. நிஜ எகிப்தில் ரா சூரியக் கடவுள். அது ஒரு பெண் தெய்வம், சில கதைகளில் செக்மெத், சில கதைகளில் ஹாத்தோர். மனிதர்களை அழிக்க ரா அனுப்பிய கண் அடங்காமல் போனதும், சிவப்பு நிறம் சேர்த்த பீரை ரத்தம் என்று நம்பவைத்துக் குடிக்கக் கொடுத்து அமைதிப்படுத்தினார்கள் என்று ஒரு கதை உண்டு. உக்கிரமான அம்மனைச் சாந்தப்படுத்தும் நம் ஊர்க்காரர்களுக்கு இது புரியாத கதை இல்லை.

ஆக, ஆசாரி முதலில் சொன்னதே பாதி சரி. அது காப்புக்கான கண். தாராளமாகப் போடுங்கள்.

தெற்குவாசல்

நன்றி அண்ணே, எகிப்து விஷயம் எனக்கு இவ்வளவு தெரியாது. ஆனால் நான் செய்யக் கேட்டது அருங்காட்சியகத்தில் இருக்கிற வெஜாத்தை இல்லை. 1994இல் வந்த அந்தப் படத்தின் டாலரை. அதற்கென்று ஒரு கதை இருக்கிறது.

1928இல் எகிப்தின் கீசாவில், வேறு கிரகத்துக்குப் போகும் வாசலான அந்தப் பெரிய வளையத்தைத் தோண்டி எடுக்கும்போது சிறுமி கேத்தரின் அந்தப் பதக்கத்தை எடுத்துக்கொள்கிறாள். வயதான பிறகு, டேனியல் வளையத்துக்குள் போகும்முன் அதிர்ஷ்டத்துக்காக அவனிடம் கொடுக்கிறாள். அவன் அதை ஒரு பரிசாகத்தான் நினைத்துப் போட்டுக்கொள்கிறான். அந்தப் பக்கம் அபிடாஸ் என்ற கிரகத்து மக்கள் அவன் கழுத்தைப் பார்த்த நொடியில் எல்லோரும் மண்டியிடுகிறார்கள்! அவன் ரா அனுப்பிய ஆள் என்று நம்பி விருந்து வைக்கிறார்கள், பெண்ணைக்கூடக் கொடுக்கிறார்கள். அவனுக்கு எதுவும் புரியவில்லை.

எனக்கு அந்தக் காட்சி எப்போதும் பிடிக்கும். இப்போதுதான் அதில் இருக்கிற பயத்தைக் கவனிக்கிறேன். அவர்கள் அன்பினால் மண்டியிடவில்லை.

திருப்புவனம்

எனக்கு அந்தக் காட்சியை விட முக்கியமாகப் படுவது, அந்த ஊரில் எழுத்து தடை செய்யப்பட்டிருப்பது. பூமியில் மக்கள் கலகம் செய்து அவனை விரட்டியது போல இங்கேயும் நடந்துவிடக் கூடாது என்று ரா எழுதுவதையும் படிப்பதையும் ஒழித்துவிடுகிறான். சுவரில் எழுதி மறைத்து வைத்த பழைய வரலாற்றை டேனியலுக்குக் கொடுத்த அந்தப் பெண் ஷாஉரி ரகசியமாக டேனியலுக்குக் காட்டுகிறாள். யோசித்துப் பாருங்கள். எழுத்தே இல்லாத ஊரில் எல்லோருக்கும் படிக்கத் தெரிந்த ஒரே குறி அந்தக் கண்தான். அந்த டாலர் வெறும் சின்னம் இல்லை, அந்த ஊரில் விட்டுவைக்கப்பட்ட ஒற்றை எழுத்து. அதன் பொருளும் ஒன்றே ஒன்று: நீ அவனுக்குச் சொந்தம்.

நான் இருப்பது கீழடிக்குப் பக்கத்தில். 2023இல் திறந்த அருங்காட்சியகத்துக்கு ஊருக்கு வருகிறவர்களை அழைத்துப்போகிற வேலை எப்போதும் எனக்குத்தான் வரும். ஒவ்வொரு தடவையும் பானை ஓடுகள் இருக்கிற இடத்தில் நின்றுவிடுவேன். 'ஆதன்' என்று தமிழி எழுத்தில் கீறிய ஓடு இருக்கிறது, 'குவிரன் ஆதன்' என்று கீறியதும் கிடைத்திருக்கிறது. 2000 ஆண்டுக்கும் மேற்பட்ட கீறல்கள். ராஜா பெயர் இல்லை, கடவுள் பெயர் இல்லை. தன் பானையில் தன் பெயரைக் கீறி வைத்த ஆள்.

ஒரு பக்கம் ஊர் முழுக்க ஒருத்தனுடைய கண். இன்னொரு பக்கம் ஆளாளுக்குத் தன் பெயர். ஸ்டார்கேட் படத்தை அந்த ஓடுகளுக்கு முன்னால் நின்று நினைத்தபோதுதான் ரா என்ன செய்தான் என்பதே எனக்கு முழுசாகப் புரிந்தது.

வைகைக்கரை

தம்பி, அருமையான பார்வை. என் 'தாராளமாகப் போடுங்கள்' கொஞ்சம் அவசரப்பட்டதாகத் தெரிகிறது.

பத்தர் வீட்டுப் பிள்ளை

டாலர் பற்றிப் பேசுகிறீர்கள், தொடரில் அதே விஷயம் இன்னும் கொடூரமாக இருக்கிறதே, அதை யாரும் சொல்லவில்லை. எஸ்ஜி-1 தொடரில் அடையாளம் கழுத்திலிருந்து நெற்றிக்கு ஏறிவிட்டது. ஒவ்வொரு போலிக் கடவுளின் படைவீரனுக்கும் அந்தக் கடவுளின் குறி நெற்றியில் கறுப்பாகப் பச்சை குத்தப்பட்டிருக்கும். படைத்தலைவனுக்கு மட்டும் தங்கம். அபோஃபிஸ் என்ற போலிக் கடவுளின் படைத்தலைவனாக இருந்து பிறகு நாயகர்கள் பக்கம் வரும் டீல்க்கின் நெற்றியில் அவனுடைய பாம்பு தங்கத்தில் புடைத்து நிற்பது அதனால்தான். கத்தியால் தோலில் அந்த உருவத்தை வெட்டி, காயத்தில் உருக்கிய தங்கத்தை ஊற்றுவார்கள்.

எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக நகைத் தொழில். சின்ன வயதில் மூசையில், அதாவது உருக்கும் கிண்ணத்தில், தங்கம் உருகுவதைப் பக்கத்திலிருந்து பார்த்தே வளர்ந்தேன். சுத்தத் தங்கம் உருக 1064 டிகிரி வேண்டும். உருகித் திரளும்போது மேல்பரப்பு கண்ணாடி மாதிரி நடுங்கும், அந்த நிமிடம் அப்பா யாரையும் பேச விடமாட்டார். அதில் ஒரு சொட்டுத் தெறித்து அப்பாவின் புறங்கையில் விழுந்த தழும்பு இப்போதும் இருக்கிறது. ஒரு சொட்டுக்கே அப்படி. அந்தப் பாம்பு உருவத்துக்குக் குறைந்தது இரண்டு பவுனாவது பிடிக்கும் என்று என் கணக்கு. அதை ஒரு மனிதனின் நெற்றி எலும்பின் மேல் ஊற்றுவதை, ஐந்தாம் பருவத்தில் (சீசனில்) டீல்க்கின் பழைய நினைவாகக் காட்டுவார்கள். என்னால் அந்தக் காட்சியைத் தொடர்ந்து பார்க்க முடியவில்லை. அவனோ அதைப் பெரிய கௌரவமாக ஏற்றுக்கொள்கிறான்.

டாலர் என்றால் கழற்றி வைத்துவிடலாம். இதை எப்படிக் கழற்றுவது?

அனுப்பானடி

இதுதான் எனக்கு ரொம்ப நாளாக உறுத்துவது. 1997இல் முதல் அத்தியாயத்திலேயே டீல்க் அபோஃபிஸை விட்டு வந்துவிடுகிறான். கைதிகளைக் கொல்லச் சொன்ன கட்டளையை மீறி, தன் படையின் மேலேயே ஆயுதத்தைத் திருப்புகிறான். அதற்குப் பிறகு பத்து பருவம், அமெரிக்க ராணுவ மருத்துவமனை பக்கத்திலேயே இருக்கிறது. ஒரு அறுவை சிகிச்சை செய்து அதை எடுத்திருக்கலாம். அபோஃபிஸ் செத்தே போகிறான். அப்போதும் எடுக்கவில்லை. போலிக் கடவுள்களின் படைவீரர்களான ஜஃபாக்களுக்குச் சுதந்திரம் கிடைத்த பிறகும் எடுக்கவில்லை. எதிரியின் முத்திரையைச் சுமந்துகொண்டு விடுதலை பேசுவது எப்படிச் சரியாகும்? நான் அவனாக இருந்தால் முதல் வேலையாகச் சுரண்டி எறிந்திருப்பேன்.

சிம்மக்கல் வாசகி

தம்பி அனுப்பானடி, உங்கள் கோபம் புரிகிறது. ஆனால் கொஞ்சம் பொறுங்கள்.

முதல் பருவத்திலேயே ஒரு அத்தியாயம் இருக்கிறது. டீல்க்கும் மற்றவர்களும் ஒரு கிராமத்துக்குப் போகிறார்கள். அங்கே ஹானோ என்ற இளைஞன், தன் அப்பாவைக் கொன்றவன் இவன்தான் என்று டீல்க்கை அடையாளம் கண்டுகொள்கிறான். அபோஃபிஸின் படைத்தலைவனாக வந்தபோது கொன்றது. அந்த ஊர் வழக்கப்படி விசாரணை நடக்கிறது, தண்டிக்கும் உரிமை பாதிக்கப்பட்டவனுக்கே. குழுத்தலைவர் ஓ'நீல் எவ்வளவோ வாதாடுகிறார். டீல்க் மட்டும் தன் பக்கம் ஒரு வார்த்தை பேசவில்லை. நான்தான் கொன்றேன், அவனுக்கு நியாயம் கிடைக்க வேண்டும் என்று நிற்கிறான்.

அந்தத் தங்கத்தை எடுத்துவிட்ட டீல்க் இப்படி நின்றிருப்பானா? அது அபோஃபிஸின் முத்திரையாக இருந்த காலம் போய், அவன் செய்த காரியங்களின் கணக்காக மாறிவிட்டது என்று எனக்குத் தோன்றுகிறது. கண்ணாடியில் முகம் பார்க்கும்போதெல்லாம் தெரிகிற கணக்கு. அதைச் சுரண்டி எறிந்தால் அவனுக்குத்தான் நிம்மதி, ஹானோவுக்கு என்ன?

என் அப்பத்தாவின் இரண்டு கையிலும் பச்சை குத்தியிருக்கும். எட்டு வயதில் குத்தியது. அழுதுகொண்டே உட்கார்ந்திருந்ததாகச் சொல்வார், யாரும் அவரிடம் கேட்கவில்லை. நாங்கள் வளர்ந்த பிறகு, இப்போதெல்லாம் லேசர் வைத்து எடுக்கலாம் என்று சொன்னோம். "என் கை எது என்று எனக்குத் தெரிய வேண்டாமா" என்றார். அவருடைய சம்மதம் இல்லாமல் வந்ததுதான். ஆனால் அறுபது வருடம் களை எடுத்தது, சோறு போட்டது, எங்களைத் தூக்கியது எல்லாம் அந்தக் கை. குத்தியவர்களுக்கு அதன் மேல் இருந்த உரிமை எப்போதோ போய்விட்டது.

அனுப்பானடி

அக்கா, அப்பத்தா கதை மனதைத் தொட்டது. ஆனால் அது அடிமைக்குறி இல்லையே. மாட்டுக்குச் சூடு போடுவது போல மனிதனுக்குப் போட்டதைத்தான் நான் சொல்கிறேன். நம் பக்கத்திலேயே அந்த வரலாறு உண்டு. தேவரடியார்களுக்குச் சூலக்குறி இட்டதைச் சொல்லும் சோழர் காலக் கல்வெட்டுகள் இருக்கின்றன. அந்தப் பெண்கள் அதைக் கணக்காகவா வைத்துக்கொண்டார்கள்?

சிம்மக்கல் வாசகி

அந்தப் பெண்கள் என்ன நினைத்தார்கள் என்று கல்வெட்டில் இல்லை தம்பி. அதனால்தான் அவர்கள் சார்பில் நான் பேச மாட்டேன். ஆனால் நம்பிக்கையோடு வாங்கிக்கொள்பவர்களும் இருக்கிறார்கள். வைணவர்கள் சமாஸ்ரயணம் என்ற தீட்சைச் சடங்கில் தோளில் சங்கு சக்கரத்தைச் சூடாக ஒற்றிக்கொள்கிறார்கள். என் மாமனார் அழகர் மேல் வைத்த பக்தியில் வாங்கிக்கொண்டவர், அந்தத் தழும்பைத் தொட்டுக் காட்டும்போது அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். சூடு ஒன்றுதான், கேட்டுப் போட்டார்களா என்பதில்தான் வித்தியாசம். டீல்க் விஷயம் இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. அவன் சம்மதித்தான், ஆனால் பொய்யை நம்பிச் சம்மதித்தான். நல்ல எழுத்து இங்கேதான் இருக்கிறது, அதை யாரும் வசனமாக விளக்கவும் இல்லை.

வைகைக்கரை

மதுரையில் உட்கார்ந்துகொண்டு நகையைப் பற்றி இவ்வளவு பேசிவிட்டு சிலம்பை விட்டுவிட்டோம். பாண்டியன் வெளி வடிவத்தை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொன்னான். உடைத்தபோது முத்து இல்லை, மாணிக்கம் தெறித்தது. அபிடாஸ் மக்களும் டாலரின் வெளியை மட்டும்தானே பார்த்தார்கள்?

திருப்புவனம்

அண்ணே, அது வேறு என்று நினைக்கிறேன். சிலம்புக்கு உள்ளே ஒரு உண்மை இருந்தது, உடைத்தால் தெரியும். ராவின் டாலருக்கு உள்ளே ஒன்றுமே இல்லை. யார் கழுத்தில் கிடந்தாலும் மண்டியிட வைக்கும், அதுதான் அதன் வேலை. நல்லவன் கழுத்திலும் அதே வேலையைத்தான் செய்தது.

இன்னொன்று ஞாபகம் வருகிறது. தொடரின் முதல் அத்தியாயத்தில், சிறையில் டீல்க் ஓ'நீலின் கைக்கடிகாரத்தைப் பார்த்து எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்பான். டேனியல் பூமிக்கான குறியைத் தரையில் விரலால் வரைவான். டீல்க் அதைப் பார்த்த மறுநொடி அழித்துவிடுவான். நெற்றியில் அழிக்க முடியாத குறியைச் சுமப்பவன், மண்ணில் வரைந்த குறியை அவர்களைக் காப்பாற்றுவதற்காக அழிக்கிறான். அவன் எந்தப் பக்கம் போகப்போகிறான் என்பது எனக்கு அங்கேயே தெரிந்துவிட்டது.

பத்தர் வீட்டுப் பிள்ளை

ஆறாம் பருவத்தின் கடைசி அத்தியாயம் பற்றி யாரும் பேசவில்லையே? அதிலும் ராவின் கண் வருகிறது.

தெற்குவாசல்

2003இல் வந்தது. அதில் எனக்கு வருத்தம்தான். அங்கே ராவின் கண் என்பது அபிடாஸ் பிரமிடுக்குள் ஒளித்து வைத்த ஒரு சக்திக் கல். அனுபிஸ் என்ற இன்னொரு போலிக் கடவுள் அதைத் தேடி வருகிறான், மற்றக் கண்களோடு சேர்த்தால் அவன் ஆயுதத்தின் பலம் பல மடங்கு ஆகிவிடும். விறுவிறுப்பான அத்தியாயம், அபிடாஸ் இளைஞன் ஸ்காராவும் மற்ற மக்களும் அழியும் இடத்தில் நான் அழுதிருக்கிறேன். ஆனால் கண் அங்கே ஒரு பேட்டரியாகிவிட்டது. படத்தில் அந்த டாலருக்குள் எந்த சக்தியும் இல்லை, ஒளி வீசாது, கதவைத் திறக்காது. பார்த்தவர்கள் முழங்காலில் விழுந்தது அவர்களுக்குப் பல தலைமுறையாக ஊட்டிய பயத்தால். அதுதான் நிஜமான பலம். அதை ஒரு கல்லுக்குள் அடைத்தபோது சின்னம் சின்னதாகிவிட்டது.

வைகைக்கரை

இதை முழுசாக ஒத்துக்கொள்கிறேன்.

அனுப்பானடி

நானும். சரி, ஆசாரிக்கு என்ன பதில் சொல்லப்போகிறீர்கள்? இழையின் கேள்வியே அதுதானே.

தெற்குவாசல்

இரண்டு நாளாக எல்லாவற்றையும் திரும்பத் திரும்பப் படித்தேன். படத்தின் கடைசிக் காட்சியையும் மறுபடி போட்டுப் பார்த்தேன். ரா அழிந்த பிறகு டேனியல் அபிடாஸிலேயே தங்கிவிடுகிறான். டாலரைக் கழற்றி ஓ'நீலிடம் கொடுத்து, கேத்தரினிடம் சேர்த்துவிடுங்கள், எனக்கு அதிர்ஷ்டம் தந்தது என்று சொல்லுங்கள் என்கிறான். அத்தனை தடவை பார்த்தும் இதை நான் கவனித்ததில்லை: அந்த மக்களோடு வாழப்போகிறவன் அந்தக் கண்ணைக் கழுத்தில் வைத்துக்கொள்ளவில்லை. அங்கே அது பயம். கேத்தரினிடம் போனால் அது ஒரு சிறுமியின் ஞாபகம்.

நான் இருப்பது அபிடாஸில் இல்லை. இங்கே என் கழுத்தைப் பார்த்து யாரும் மண்டியிடப்போவதில்லை, கண்மலரா என்றுதான் கேட்பார்கள். அதனால் செய்துகொள்கிறேன். ஆனால் அந்தக் கண் தனியாக இருக்கக் கூடாது. திருப்புவனம் சொன்னது மனதை விட்டுப் போகவே இல்லை. பின்பக்கத்தில் என் பெயரைத் தமிழி எழுத்தில் கீறிவிடலாம் என்று நினைக்கிறேன். அச்சடித்த எழுத்தாக வேண்டாம், அந்த ஓட்டில் இருப்பது போலக் கையால் கீறியதாக.

திருப்புவனம்

இதைப் படித்ததும் மனசு நிறைந்துவிட்டது. எழுத்து வடிவத்தை நான் வரைந்து அனுப்புகிறேன். பெயரில் புள்ளி வைத்த மெய் வந்தால் கவனம், பழைய ஓடுகளில் புள்ளி இருக்காது.

சிம்மக்கல் வாசகி

பெயர் உடம்பில் படுகிற பக்கம் இருக்கட்டும் தம்பி.

பத்தர் வீட்டுப் பிள்ளை

தொழில் விஷயமாக இரண்டு வார்த்தை. முன்பக்கக் கண் புடைத்து நிற்க வேண்டுமென்றால் மெழுகு அச்சு எடுத்து வார்க்கச் சொல்லுங்கள், தகட்டில் தட்டினால் பின்பக்கம் குழிந்துவிடும், எழுத்துக்கு இடம் கிடைக்காது. சுத்த வெள்ளி ரொம்ப மெத்து, கீறல் சீக்கிரம் தேயும். 92.5 வெள்ளியில் செய்யுங்கள். எழுத்தை மெருகு போடுவதற்கு முன்னால் கீற வேண்டும், பிறகு கீறினால் ஓரம் பிசிறு நிற்கும், சட்டையில் மாட்டும். முடிந்தால் உளியை ஆசாரியிடம் வாங்கி, முதல் எழுத்தையாவது நீங்களே கீறுங்கள். கோணலாக வந்தால் வரட்டும்.

தெற்குவாசல்

வியாழக்கிழமை சாயங்காலம் வரச் சொல்லியிருக்கிறார். உளியைக் கேட்டுப் பார்க்கிறேன்.